கால் படாத சீமெந்து

“அப்ப மாப்பிள்ளையின்ர வேட்டியை ஆர் தூக்கிப் பிடிக்கிறது, நீங்களோ?”

“கத்தாதை. அயலட்டைக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். ஆறு மாதமா அயலட்டை உங்கட கதையைத்தான் கேக்குது. இண்டைக்கு என்ர கதையையும் கேக்கட்டும்.”

அயலட்டைக்குக் கேட்டது. முருகைக்கல் மதிலுக்கு அந்தப் பக்கத்தில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்ற சீதேவி, கட்டி முடித்த குழையை அவிழ்த்துவிட்டு மறுபடி முதலில் இருந்து கட்டத் தொடங்கினாள். ஆழ்வாப்பிள்ளையர் வீட்டில் பெண்சாதியின் குரல் மேலே கேட்பது ஆண்டுக்கு ஒருக்கால் நடக்கிற காரியம். அதைத் தவறவிட்டால் அடுத்த திருவிழா வரைக்கும் கிணற்றடியில் சொல்ல ஒன்றும் இராது.

“இஞ்சை பார் பூரணம்,” ஆழ்வாப்பிள்ளை குரலைத் தணித்தார். “சம்பந்தி வீட்டுக்காரரும் தமிழர்தானே. போராட்டம் எண்டால் அவைக்கு விளங்காதோ?”

“அவை போராட்டம் பாக்க வரேல்லை, கலியாணத்துக்கு வருகினம். நாப்பது பேர். அதில அரைவாசி பொம்பிளையள். கூறைச்சீலையைத் தொடைவரைக்கும் தூக்கிக்கொண்டு மீன்குடலுக்குள்ளால வரச் சொல்லுறியளோ? சம்பந்தி சரவணமுத்தர் ஆள்விட்டுச் சொல்லிப்போட்டார். ஜெட்டியில இறக்காட்டில் லாஞ்சி திரும்புமாம். திரும்பினால் சறோவுக்கு ஆர் தாலி கட்டுறது, வைரவரோ?”

ஆழ்வாப்பிள்ளை சாய்மனைக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். மேடையில் யாராவது குறுக்குக் கேள்வி கேட்டாலும் அவர் செய்வது அதுதான். சனம் அதை யோசனை என்று நினைத்தது.

தீவின் பெயர் வேண்டாம். அந்த மனிதர்களின் பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். ஊர்காவற்றுறையில் இருந்து லாஞ்சியில் ஒன்றரை மணித்தியாலம், சோளகக் காற்று அடித்தால் இரண்டரை. பனை, மாடு, உப்புக் கிணறு, ஒரு கிராமச்சபை. அந்தக் கிராமச்சபை அறுபத்திரண்டாம் ஆண்டு மாசியில் லாஞ்சிப் படகு அணைகிறதுக்குச் சீமெந்து ஜெட்டி ஒன்றைக் கட்டி முடித்தது. கடலுக்குள் நூறு யார் தூரம் நீண்டு, தீவுக்கே நாக்கு முளைத்ததுபோல் கிடந்தது. கட்டின கையோடு வரியும் போட்டார்கள். ஜெட்டியில் கால் வைக்கிற ஆளுக்கு ஐந்து சதம், கூடைக்கும் சாக்குக்கும் பத்துச் சதம். வரி அறவிடுகிற உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். ஆழ்வாப்பிள்ளையும் கேட்டார், கடைக்கார வைத்திலிங்கமும் கேட்டார். வைத்திலிங்கத்துக்குக் கிடைத்தது. அதற்கு ஐந்தாம் நாள்தான் ஆழ்வாப்பிள்ளைக்கு வரி என்றால் என்ன என்று விளங்கியது.

இதைச் சொன்னால் பொல்லாப்பு. ஆனால் நாள்களை எண்ணிப் பார்த்தவர்கள் ஊரில் இருந்தார்கள்.

அவர் அதற்கு முதல் வருடம் யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரி வாசலில் இரண்டு நாள் சத்தியாக்கிரகம் இருந்துவிட்டு வந்தவர். ஆகையால் எப்படிச் செய்வதென்று தெரியும். வைரவர் கோயில் முன்றலில் கூட்டம் வைத்தார். “வெள்ளைக்காரன் ஆளுக்கு ஆள் தலைவரி கேட்ட காலத்தில, கட்டமாட்டன் எண்டு சொல்லி ஆறு நாள் வெய்யிலுக்க நிண்டு றோட்டுக்குக் கல்லுடைச்சவர் என்ர ஐயா. அந்த ரத்தம்தான் இது,” என்று முழங்கையைத் தட்டிக் காட்டினார். அந்நாளில் தலைவரி கட்டாதவன் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும் என்பது சட்டம். கிழவர்கள் தலையாட்டினார்கள். கற்பூரம் கொளுத்தி எல்லாரும் சத்தியம் பண்ணினார்கள்: வரி நிற்கும் வரைக்கும் அந்தச் சீமெந்தில் எங்கள் கால் படாது. அடுத்த ஞாயிறு கிழக்குக் கரைக் கத்தோலிக்கச் சனமும் அந்தோனியார் கோயிலடியில் அதே சத்தியத்தைப் பண்ணியது. வரி அவர்களுக்குத்தான் கூட இடித்தது. நாளுக்கு எட்டுக் கூடை, பத்துக் கூடை மீன் லாஞ்சியில் போகிறது அவர்களுடையதுதான்.

அன்றிலிருந்து லாஞ்சி ஜெட்டியை விட்டுவிட்டுப் பழைய துறைக்கு நேரே, கடலில் நின்றது. சனம் இறங்கி நடந்தது.

பழைய துறை என்றால் சேறு. வெறும் சேறு என்றாலும் பரவாயில்லை. ஜெட்டி வந்தபிறகு அதுதான் குப்பை கொட்டுகிற இடம் என்று ஊர் தீர்மானித்திருந்தது. மீன் வெட்டுகிற குடல் அங்கே, செத்த கன்று அங்கே, மாட்டுச் சாணம் அங்கே. வெய்யில் ஏறினால் கறுப்புச் சேறு குமிழி விடும். குமிழி உடைந்தால் கெட்ட முட்டை மணம். பள்ளிக்கூடத்துக்கு வந்த வாத்திச்சி ஒருத்தி விழுந்து, எழும்பி, அழுதுகொண்டு அதே லாஞ்சியில் திரும்பிப் போனாள்; பிறகு வரவில்லை. நிறைமாதக்காரி ஒருத்தியைக் கதிரையில் வைத்துத் தூக்கிக் காவினார்கள். தபால்காரர் பையைத் தலையில் கட்டிக்கொண்டார். ஜெட்டியில் வரி அறவிட வைத்திலிங்கம் இருத்தின கதிர்காமு, தகரக் கொட்டிலுக்குள் ரிக்கற் புத்தகத்தோடு நித்திரை கொண்டான். ஜெட்டியில் நடந்தது ஆடுகள் மட்டும்தான். ஆட்டுக்கு வரி போட மறந்துபோனார்கள்.

ஆழ்வாப்பிள்ளை இந்த ஆறு மாதத்தில் தீவை விட்டு வெளியே போகவில்லை. போகத் தேவை வரவில்லை என்றார்.

கலியாணத்துக்கு எட்டு நாள் இருக்க, அன்னபூரணம் வீட்டின் பின் பத்தியில் கலியாணப் பலகாரத்துக்கு அரியதரம் சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகையும் சீனிப்பாகு மணமுமாக இருந்தது. வேலிப் பொட்டால் நுழைந்து றோஸ் வந்தாள். மீன்காரப் பெண், யாக்கோப்புவின் மனைவி. வலது காலை மண்ணில் முழுதாக ஊன்றாமல், குதியால் தட்டித் தட்டி வந்தாள்.

“என்ன பிள்ளை, மீனோ? இனிக் கலியாணம் முடியுமட்டும் மச்சம் இல்லை.”

“மீன் இல்லையக்கா. பழைய வெள்ளைச்சீலைத் துண்டு ஏதும் கிடந்தால் தாங்கோ. காலுக்குச் சுத்த.”

“இன்னும் மாறேல்லையே?”

றோஸ் குந்தி இருந்து கட்டை அவிழ்த்தாள். பழைய துறையில் கூடையோடு போனபோது திருக்கை அடித்தது. இருபது நாளாகிறது. புறங்காலில் ஒரு குழி. சுற்றிவரத் தோல் ஊதா நிறமாகப் பளபளத்தது. குழிக்குள்ளிருந்து மஞ்சள் தண்ணி கசிந்துகொண்டிருந்தது. அன்னபூரணம் தாச்சியில் இருந்த அரியதரத்தைப் பார்த்தாள். அதிலும் பொன்னிறமாகத்தான் எண்ணெய் கசிந்தது. அவள் அகப்பையை வைத்துவிட்டாள்.

“உந்தக் காலோடை சேத்துக்க இறங்கிறனியே? விசரே உனக்கு?”

“வேறை எதுக்குள்ளாலை போறது? லாஞ்சி அங்கைதானே நிக்குது. சத்தியம் பண்ணினது பண்ணினதுதான்.” சீலைத் துண்டை வாங்கிப் பல்லால் கிழித்தாள். “உங்கட அவர் நேற்று எங்கட ஆளைக் கூப்பிட்டுக் கதைச்சவராம். மாப்பிள்ளை வீட்டாரைக் கதிரையில வைச்சுச் சேத்துக்குள்ளாலை காவிவர ஆள் பிடிச்சுத் தரட்டாம். நாப்பது பேரை.”

“யாக்கோப்பு என்ன சொன்னவன்?”

“அவர் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்து எனக்குச் சொன்னவர். நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். பிறகு அவரும் ஏலாது எண்டு சொல்லிப்போட்டார்.”

அன்னபூரணத்துக்குச் சிரிப்பு வந்தது.

“கோவியாதேங்கோ அக்கா. என்ர மாமனார் பத்திநாதர் சாகுமட்டும் ஒரு கதை சொல்லுவார். தலைவரி கட்டாமல் கல்லுடைச்ச கதை. அவருக்கு ஆறு நாள். கட்டக் காசில்லை, உடைச்சார். அது முடியப் பிறகு இன்னும் ஆறு நாள் உடைச்சார்.”

“அதென்ன ரண்டாந்தரம்?”

“உங்கட மாமாவுக்காண்டி, ஐயாவைப் பெத்தவருக்காண்டி. உங்கட மாமா கட்டமாட்டன் எண்டு விதானையாருக்குச் சொல்லிப்போட்டு, வேலைக்கு என்ர மாமாவை விட்டவராம். தான் குடையைப் பிடிச்சுக்கொண்டு வந்து, வேலை நடக்குதோ எண்டு பாத்திட்டுப் போவாராம். வேலைக்கு வந்தவை எண்டு எழுதுற இடாப்பில பேர் அவரின்ர பேர். கை இவரின்ர கை. கூலியெண்டு ஒரு கொத்துக் குரக்கன்.” றோஸ் முடிச்சை இறுக்கினாள். “கூட்டத்தில ஐயா அந்தக் கதையைச் சொல்லேக்க நானும் நிண்டனான். கை தட்டினனான்.”

“ஏன் தட்டினனி?”

“எல்லாரும் தட்டிச்சினம்.”

போகும்போது அன்னபூரணம் அரியதரம் நாலு சுற்றிக் கொடுத்தாள். றோஸ் மணந்து பார்த்துவிட்டு, “நல்லா வந்திருக்கு,” என்றாள்.

காவ ஆள் இல்லை என்று யாக்கோப்பு வந்து சொன்ன அன்றைக்கு ஆழ்வாப்பிள்ளை சாப்பிடவில்லை. “நன்றி கெட்ட சனம்,” என்றார். யாருக்கு என்ன நன்றி என்று அன்னபூரணம் கேட்டாள். அதற்கும் கண்ணை மூடினார். மகள் சறோஜினிதேவி அறைக்குள் இருந்து வெளியே வரவில்லை. அவளுக்கு இருபத்தொன்பது வயது. முதல் இரண்டு சம்பந்தம் பொருத்தத்தில் தட்டுப்பட்டது, மூன்றாவது காணியில் தட்டுப்பட்டது. இது அனுராதபுரத்தில் கிளாக்கர், புங்குடுதீவில் நல்ல குடும்பம். நாலாவது சேற்றில் தட்டுப்பட்டால் பிறகு அவளைக் கேட்டு வர ஆளில்லை. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். 

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கக் கட்டாடி உடுப்பு மூட்டையோடு வந்தான். மாப்பிள்ளை வரவேற்புக்கு என்று நிலபாவாடையையும் வெளுத்துக் கொண்டுவந்திருந்தான். மாப்பிள்ளையின் கால் மண்ணில் படாமல் வாசல் படலையில் இருந்து பந்தல் வரைக்கும் முற்றத்தில் விரிக்கிற வெள்ளைத் துணி அது. ஆழ்வாப்பிள்ளை அதைப் பார்த்தார். எழும்பி நின்றார்.

“உது எவ்வளவு தூரத்துக்கு வரும்?”

“படலையடிக்குக் காணுங்கோ.”

“ஜெட்டி அளவுக்கு வேணும் எண்டால்?”

“நூறு யாருக்கோ? ஊர்காவற்றுறைக் கட்டாடியளிட்டை இரவல் மாறினால் வரும்.”

“மாறு,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தார். ஆறு மாதத்தில் அவர் முகம் அவ்வளவு தெளிந்ததில்லை. “சத்தியம் என்ன? சீமெந்தில கால் படாது எண்டது. துணியில படுறது சீமெந்தில படுறதோ?”

அன்னபூரணத்துக்கு அன்றைக்குச் சந்தோசம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. மனிசனின் மூளையை நினைத்துப் பெருமைகூடப் பட்டாள். சறோவின் அறைக் கதவைத் தட்டி, “வா பிள்ளை, வந்து பலகாரம் சாப்பிடு,” என்றாள். சீதேவி மூலம் விஷயம் இருட்டுவதற்குள் ஊர் முழுக்கப் போனது. ஊர் சிரித்தது. “படிச்ச மனிசன்,” என்றார்கள்.

இன்னொரு காரியமும் நடந்தது. வரி விஷயமாகக் குழப்பம் வரக்கூடாதென்று வைத்திலிங்கத்தின் கடைப் பின்கட்டில் அவரும் ஆழ்வாப்பிள்ளையும் அரை மணித்தியாலம் இருந்தார்கள். துணிக்கு மேலால் நடக்கிறவர்களுக்கு வரி இல்லை என்று முடிவாயிற்று. “உது என்ர மொய்யெண்டு வையுங்கோ,” என்றாராம் வைத்திலிங்கம். இருவரும் பிளேன்ரீ குடித்தார்கள்.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. சோளகம் இறங்கிவிட்டது, கடல் தகடுபோல் கிடந்தது. காலை ஒன்பது மணிக்கே வெய்யில் சுட்டது. ஜெட்டியின் நுனியில் இருந்து கரைவரைக்கும் வெள்ளை விரித்து, ஓரங்களுக்கு முருகைக்கல் வைத்திருந்தான் கட்டாடி. மேளகாரர் கரையில். ஆழ்வாப்பிள்ளை பட்டு வேட்டி, சால்வையோடு துணியின் நடுவில் நின்றார். மகன் ஐயாத்துரை சந்தனக் கும்பாவோடு. அன்னபூரணம் ஆலாத்தித் தட்டோடு கரைப்பக்கத்தில், சொந்தக்காரப் பெண்களுக்கு முன்னால் நின்றாள். சத்தியம் பண்ணின ஊர் முழுக்க அந்தத் துணியில் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒருத்தருடைய பெருவிரலும் சீமெந்தில் படவில்லை. கதிர்காமு ரிக்கற் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் புதுச் சேட்டுப் போட்டிருந்தான். அவனுக்கும் கலியாணச் சாப்பாடு சொல்லியிருந்தது.

லாஞ்சி ஜெட்டியில் அணைந்தது. மேளம் எழும்பியது. லாஞ்சிக்கார லியோன் கயிற்றைப் போட்டுக்கொண்டே கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: “மீன் ஏத்திறதெண்டால் இப்ப கொண்டாங்கோ. ஆக்களை இறக்கின கையோடை நான் எடுத்திடுவன். இண்டைக்குப் பழைய துறைப் பக்கம் வரமாட்டன்.”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு றோஸ் வந்தாள். தலையில் கூடை, கூடையில் இருந்து தண்ணி கழுத்தில் வழிந்தது. குதியால் தட்டித் தட்டி, வெள்ளைத் துணியில் ஏறி, நாலு அடி வைத்தாள். அவளுக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. சத்தியம் பண்ணின சனம் எல்லாம் அதில்தானே நிற்கிறது.

“ஏய். ஏய். எங்கை வாறாய்?” ஆழ்வாப்பிள்ளை கையை நீட்டி மறித்தார்.

“லாஞ்சிக்கு ஐயா. மீன் பழுதாப் போம்.”

“உது மாப்பிள்ளைக்கு விரிச்சது. இறங்கு.”

றோஸ் கீழே பார்த்தாள். கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“எங்கை இறங்கிறது ஐயா? சீமெந்திலையோ, சேத்திலையோ?”

மேளம் நின்றுவிட்டது. மேளகாரருக்கு நிறுத்தச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. அன்னபூரணம் தன் புருசனின் முகத்தைப் பார்த்தாள். கண்ணை மூடுவார் என்று நினைத்தாள். மூடியிருந்தாலும் போதும். அவர் மூடவில்லை. ஒரு கணம்தான் யோசித்தார்.

“சத்தியம் பண்ணினனிதானே,” என்றார். “சேத்திலை.”

யாரோ ஒருவர் சிரித்தார். ஒருவர் சிரித்தபிறகு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். றோஸ் ஜெட்டியின் பக்கவாட்டில் கற்குவியலில் குந்தி, நல்ல காலை முதலில் இறக்கி, பிறகு மற்றக் காலை இறக்கினாள். தொடைவரைக்கும் போனது. கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக இழுத்து இழுத்து, துணிக்கு அருகோடு, நூறு யார் தூரம் லாஞ்சிக்குப் போனாள். சேறு காலை விடும்போது ஒரு சத்தம் வரும். மேளம் இல்லாததால் அது எல்லாருக்கும் கேட்டது. லாஞ்சியின் விளிம்பில் நின்ற மாப்பிள்ளை, கூடை ஏறும்போது கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சரவணமுத்தர் வேறுபக்கம் திரும்பினார்.

துணியில் றோசின் நாலு அடியும் கிடந்தது. இரண்டில் வெறும் ஈரம். இரண்டில் மஞ்சள். ஆழ்வாப்பிள்ளை கட்டாடிக்குக் கண்ணைக் காட்டினார். கட்டாடி கல்லை நகர்த்தி அந்தத் துண்டை மறுபக்கம் புரட்டிப்போட்டான். மறுபக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. மேளம் எழும்பியது. மாப்பிள்ளை அதன்மேல் நடந்து வந்தார்.

அன்னபூரணம் ஆலாத்தி எடுத்தாள். கை தட்டைச் சுற்றியது, வாய் புன்சிரிப்பாக இருந்தது. தான் நிற்கிற துணியும் ஈரமோ என்று பெருவிரலால் தடவிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டுப் படலையில் ஐயாத்துரை மைத்துனருக்குக் கால் கழுவினான். செம்புத் தண்ணி முழுதும் ஊற்றினான். கழுவ அந்தக் காலில் ஒன்றும் இருக்கவில்லை. வழக்கப்படி அவனுக்கு மோதிரம் போட்டார்கள். தாலி கட்டி முடிந்தது. பந்தியில் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் பாயாசமும். அன்னபூரணம் ஒரு வாய் வைத்தாள்.  குசினிக் கோடிக்குப் போய்த் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள். விரதமாக்கும் என்று மற்றப் பெண்கள் நினைத்தார்கள்.

அடுத்த நாள் காலை கிழக்குக் கரைச் சனம் ஒன்பது கூடையோடு ஜெட்டிக்கு வந்தது. முன்னால் றோஸ். கதிர்காமு அவசரத்தில் ரிக்கற் புத்தகத்தைத் தேடினான். ஆறு மாதத்தில் கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. ஆளுக்கு ஐந்து சதம், கூடைக்குப் பத்துச் சதம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு சீமெந்தில் நடந்து போனார்கள். ஒருவரும் ஒன்றும் விரிக்கவில்லை.

அன்று பின்னேரமே வைரவர் கோயிலடியில் கூட்டம் என்று பறையறைந்தது. ஆழ்வாப்பிள்ளை சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுத்த சனம் என்று என்னென்ன சொல்லவேண்டும் என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்திமாரும் முற்றத்தில் இருந்தார்கள்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் அன்னபூரணம். குரல் உயரவில்லை. சீதேவி அன்றைக்கு மதிலோடு காதை ஒட்டவேண்டியிருந்தது. “கூட்டத்துக்குப் போகமுந்தி எனக்கொண்டு காட்டிப்போட்டுப் போங்கோ.”

“என்ன?”

“மாமா உடைச்ச கல்லு எங்கை கிடக்கு? எந்த றோட்டில? நான் ஒருக்காப் பாக்கவேணும்.”

“உனக்கு ஆர் சொன்னது?”

ஆர் சொன்னது என்று கேட்டதோடு கதை முடிந்தது. பொய் என்றால் அப்படிக் கேட்க மாட்டார். அவர் கூட்டத்துக்குப் போனார். வழக்கத்தைவிட நன்றாகப் பேசினார் என்று சொல்கிறார்கள். கல்லுடைத்த கதையையும் சொன்னார்.

ஒரு கிழமைக்குள் ஊர் முழுக்க ஜெட்டியால் நடந்தது. மீன்காரர் காலை வைத்துச் சத்தியத்தைக் கெடுத்துப்போட்டார்கள், இனி நாங்கள் மட்டும் என்ன செய்கிறது என்றார்கள். அடுத்த மாசியில் குத்தகை ஆழ்வாப்பிள்ளைக்கு வந்தது. வைத்திலிங்கம் அந்த முறை கேட்கவில்லை. கூடைக்குப் பதினைந்து சதமாயிற்று. சம்பளத்துக்கு ஆள் வைக்க மனமில்லாமல் தானே தகரக் கொட்டிலுக்குள் குந்திக்கொண்டார்.

சறோஜினிதேவி அனுராதபுரத்தில் கோட்டேர்ஸில் பதினைந்து வருடம் இருந்தாள். எழுபத்தேழில் கலவரம் வந்தபோது இரண்டு பிள்ளைகளோடும் உடுத்த சீலையோடும் அதே ஜெட்டியில் வந்து இறங்கினாள், பிறகு புங்குடுதீவுக்கே போய்விட்டாள். ஐயாத்துரை மட்டக்களப்பில் கலியாணம் முடித்து அங்கேயே நின்றுவிட்டான். கதிர்காமு சீதேவியின் தங்கையை முடித்தான், வைத்திலிங்கம்தான் பேசிவைத்தார். யாக்கோப்பு குடும்பம் அறுபத்தைந்தில் பேசாலைக்குப் போனது. றோசின் கால் ஆறியது, ஆனால் குதியால் தட்டுகிற நடை போகவில்லை என்று அங்கே கண்டவர்கள் சொன்னார்கள்.

அன்னபூரணம் அந்தக் கலியாணத்துக்குப் பிறகு ஆறு தரம் தீவை விட்டு வெளியே போனாள். ஆறு தரமும் பழைய துறையால். லியோன் அவள் ஒருத்திக்காக லாஞ்சியைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் நிறுத்துவான்.  கொட்டிலுக்குள் இருந்து ஆழ்வாப்பிள்ளை, தன் பெண்சாதி சீலையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு மீன்குடலுக்குள்ளால் போவதைப் பார்த்துக்கொண்டு ரிக்கற் கிழித்தார். “அவளுக்கு விசர்,” என்று பக்கத்தில் நிற்கிறவர்களுக்குச் சொன்னார். “எங்கட வீட்டாக்களுக்கு வரியில்லை எண்டு சொல்லியும் கேக்கிறாளில்லை.”

ஏழாம் தரம் எழுபத்தொன்பதில், மகளோடு ஒரேயடியாகப் போய் இருக்க. ஒரு றங்குப்பெட்டி. அதை லியோன் தோளில் எடுத்தான். லாஞ்சியில் ஏறியதும் அவள் விளிம்பில் இருந்து, காலைத் தொங்கவிட்டு, கடல் தண்ணியில் தானே கழுவினாள். விரல் இடுக்குச் சேற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். லாஞ்சி புங்குடுதீவுப் பக்கம் திரும்பும்வரைக்கும் கழுவிக்கொண்டிருந்தாள் என்று லியோன் சொன்னான்.